காருக்குப் போட்ட அடைப்பு

தென்காசி மோட்டார்க்காரர்கள் மத்தியில் என் அத்தான் சங்கரபாண்டிக்கு இரண்டு அடையாளம் உண்டு. ஒன்று, தார்ப்பாண்டி என்ற பட்டப்பெயர். இன்னொன்று, சித்திரை வெயிலிலும் இடது காதை மூடித் தலையைச் சுற்றிக் கட்டியிருக்கும் துண்டு. கேட்டால், குற்றாலத்துக் குளிர் காதில் ஏறிவிட்டது என்பார். வருஷம் பூராவும் சாரலில் நனைகிற குரங்குகளுக்கே ஏறாத குளிர் இவருக்கு மட்டும் எப்படி ஏறியது என்று பஸ் ஸ்டாண்டில் கேலி செய்வார்கள். நானும் செய்திருக்கிறேன். அந்த வாயை இப்போது எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை.

அவர் என் அக்கா பேராச்சியின் புருஷன். செங்கோட்டை ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு மோட்டார் ரிப்பேர் பார்த்தார். கார் ஓட்டவும் தெரியும். நான் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டர். ஓய்வு கிடைத்தால் அவர் கொட்டகையில்தான் போய் உட்காருவேன்.

எந்த வண்டி வந்தாலும் அத்தான் உடனே இன்ஜின் மூடியைத் திறக்க மாட்டார். வந்த டிரைவரைப் பிடித்து நிறுத்திக் கேட்பார்: "சத்தம் மொதல்ல வந்துச்சா, ஆட்டம் மொதல்ல வந்துச்சா?" டிரைவர் முழிப்பான். "ரெண்டும் சேந்து வந்துச்சு அண்ணாச்சி" என்பான். அவ்வளவுதான். "ரெண்டும் சேந்து வராது வே. மேலகரம் வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு வந்து சொல்லும்" என்று திருப்பி அனுப்பிவிடுவார். பெரிய வீட்டு டிரைவர்களுக்கு இதில் கோபம் கோபமாக வரும். ஆனாலும் அவரிடம்தான் வருவார்கள். எது முந்தி, எது பிந்தி என்று தெரிந்துவிட்டால் பாதி ரிப்பேர் முடிந்தது என்பது அவர் கட்சி. அது பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

முப்பத்தெட்டாம் வருஷம் ஆனி மாதம். குற்றாலத்தில் அருவி நன்றாக விழுந்துகொண்டிருந்தது. அங்கே வீடும் வயலும் வைத்திருந்த குத்தாலிங்கம் பிள்ளைக்கு நெஞ்சடைப்பு வந்தது. அவருடைய டிரைவர் வாசுதேவநல்லூருக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தான். ஆள் அனுப்பி அத்தானைக் கூப்பிட்டார்கள்.

பிள்ளையின் கார் பதினைந்து வருஷத்துப் பழசு. முன்பாதிதான் கார். பின் ஸீட்டைக் கழற்றிவிட்டு, விதைநெல்லும் மாங்காயும் ஏற்றுவதற்காக மரப்பெட்டி கட்டியிருந்தார்கள். பெட்டியின் பின்பக்கம் ஒரு பலகை. கீழே கீல் போட்டிருக்கும். திறந்தால் தரையில் விழாமல் மேஜை மாதிரி நிற்கும். அப்படி நிற்கப் பிடித்துக்கொள்வது இரண்டு பக்கமும் உள்ள இரும்புப் பட்டைகள். நடுவில் ஓர் ஆணி அடித்து, மூடும்போது முழங்கை மாதிரி மடங்கும் பட்டை. இந்தக் கதையே அந்தப் பட்டையைப் பற்றியதுதான்.

பெட்டிக்குள் பாய் விரித்துப் பிள்ளையைக் கிடத்தினார்கள். அவர் சம்சாரம் இராமலட்சுமி ஆச்சி தலைமாட்டில் உட்கார்ந்தாள். ஆச்சியின் தம்பி நம்பிராஜனும் ஒரு நாட்டு வைத்தியரும் கூட ஏறினார்கள். அத்தான் தென்காசி ஆஸ்பத்திரியைப் பார்த்து ஓட்டினார். பாதி வழியில் வைத்தியர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, முடிந்துவிட்டது, வண்டியைத் திருப்பு என்றார். திருப்பினார்.

வீட்டு வாசலில் ஜோசியர் தயாராக இருந்தார். இந்த ஜோசியர்கள் மட்டும் எப்படி எப்போதும் தயாராக இருக்கிறார்களோ! அவிட்ட நட்சத்திரம், ஆறு மாசம் அடைப்பு என்று அறிவித்தார். அந்த நட்சத்திரத்தில் சாவு விழுந்தால், விழுந்த வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேற வேண்டும். பிரேதத்தைத் தலைவாசல் வழியாகக் கொண்டுபோகக் கூடாது. சுவரை இடித்து வேறு வழி செய்து எடுப்பார்கள். இங்கேதான் சிக்கல். உயிர் வீட்டில் போகவில்லை, காரில் போயிருக்கிறது. ஜோசியர் கண்ணை மூடி யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்பம் அடைக்க வேண்டியது வண்டியத்தான். பிரேதத்தக் கார்க்கதவு வழியா எறக்கப்படாது. பின்பலகையத் தொறந்து எறக்குங்க."

காருக்கு அடைப்புப் போட்ட ஊர் உலகத்திலேயே எங்கள் ஊராகத்தான் இருக்கும். சிரிக்கலாம். ஆனால் சிரிக்கிற மாதிரி அது முடியவில்லை.

பலகையைத் திறந்தார்கள். நம்பிராஜன் பெட்டிக்குள் நின்று தலைப்பக்கம் தள்ளினார். அத்தான் கீழே நின்று வாங்கினார். ஆச்சி மூன்று எட்டுத் தள்ளி நின்றாள். உடம்பு முழுக்கப் பலகைமேல் வந்தபோது இடது பட்டை அறுந்தது. பலகை சாய்ந்தது. பிள்ளை சரிந்து விழுந்தார். அந்த நேரத்தில் ஒரு முனகல் கேட்டது. மனுஷன் வலியில் முனகுகிற முனகல்.

ஆச்சி "ஐயோ, உசிரு இருக்கு!" என்று கத்தினாள். வைத்தியர் மறுபடி நாடியைப் பார்த்தார். இல்லை என்றார். பிரேதத்தின் வயிற்றில் காற்று இருக்கும், அசங்கினால் சத்தம் வரும் என்று வயதானவர் ஒருவர் சொன்னார். நட்சத்திரம் கெட்டது, ஒரு நாழிகைகூட வைத்திருக்கக் கூடாது என்றார் ஜோசியர். பொழுது சாய்வதற்குள் சிற்றாற்றங்கரையில் எரித்துவிட்டார்கள்.

கார், வீட்டுக்குப் பின்னால் ரோட்டோரமாக இருந்த ஓட்டுக் கொட்டகையில் போய் நின்றது. ஒற்றைப் பட்டையில் தொங்கிய பலகையைத் தூக்கிக் கட்டக்கூட யாருக்கும் மனசில்லை. கதவைப் பூட்டிக் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தார்கள்.

ஒரு நாளைக்கு எட்டு தடவை என் பஸ் அந்தக் கொட்டகையைத் தாண்டும். அது வரைக்கும் சளசளவென்று பேசிக்கொண்டு வருகிற ஜனம், கொட்டகை வந்ததும் கப்பென்று வாயை மூடிக்கொள்ளும். அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற பொம்பளைகள் பிள்ளைகளை மாற்றி மடியில் வைப்பார்கள். அங்கே ஒரு ஸ்டாப்பிங் இருந்தது. ஆடி பிறந்ததிலிருந்து அதில் ஒருத்தரும் இறங்கவில்லை. அடுத்த ஸ்டாப்பிங்கில் இறங்கித் திரும்பி நடந்தார்கள், வேறு சந்து வழியாக.

ஐப்பசியில் ஒருநாள் உச்சிவேளை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. பஸ் சரியாக அந்த இடத்தில் பழுதாகி நின்றுவிட்டது. டிரைவர் முன்னால் இறங்கி மூடியைத் திறந்தான். நான் கீழே இறங்கி நின்றேன். காற்று இல்லை. இலையிலிருந்து சொட்டுகிற சத்தம்கூட நின்றுவிட்டிருந்தது. பூட்டின கொட்டகைக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. தாழ்ந்த குரலில், நீளமாக ஒரு தடவை. பஸ்ஸில் முப்பது பேர் இருந்தார்கள். ஒருத்தரும் ஒருத்தர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் கேட்டார்கள் என்பது அதிலேயே தெரிந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அத்தானிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"ஒரு தடவையா, பல தடவையா?"

"ஒரு தடவதான் அத்தான்."

"அதுக்கு முந்தி ஏதாவது சத்தம்? இரும்பு அசையுத மாதிரி?"

"ஒண்ணுமில்ல."

அத்தான் அந்த வருஷம் ஆடி மாசமே துண்டு கட்ட ஆரம்பித்துவிட்டார். அதை இழுத்துக் காதை இன்னும் நன்றாக மூடிக்கொண்டார். பயந்துவிட்டார் என்று நினைத்து நான் மனசுக்குள் சிரித்தேன். கேட்டவன் நான், பயப்படுகிறவர் அவரா என்று.

மார்கழியில் அடைப்பு முடிந்தது. இராமலட்சுமி ஆச்சி அத்தானுக்கு ஆள் அனுப்பினாள். வண்டியை எடுப்பதற்கு முன்னால் பின்பலகைப் பட்டை இரண்டையும் மாற்ற வேண்டும். சங்கரபாண்டிதான் வரவேண்டும், வேறு ஆள் கூடாது. ஆச்சி ஆறு மாசமாக ஒரு வேளைதான் சாப்பிடுகிறாள் என்றும், அடுப்பில் தீ எரிவதைப் பார்த்தால் எழுந்து போய்விடுகிறாள் என்றும் வந்த ஆள் சொன்னான். "உசிரோட எரிச்சுட்டோமேன்னு சொல்லிச் சொல்லி அழுதாவ" என்றான். அத்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

பழைய மாட்டுவண்டிச் சக்கரத்துப் பட்டா இரும்பை வெட்டி, ஓட்டை போட்டு, நான்கு துண்டுகள் செய்துகொண்டார். பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமென்று என்னைக் கூட்டிப் போனார். என் அக்கா வேண்டவே வேண்டாம் என்று தடுத்தாள். "சும்மா கெட ஏட்டி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

காலை பத்து மணி இருக்கும். முள்ளை இழுத்துப் போட்டோம். பூட்டில் மண்ணெண்ணெய் விட்டுத் தட்டித் திறந்தோம். உள்ளே குளிர் அடைந்து கிடந்தது. முன்கண்ணாடி உள்பக்கமாக வியர்த்திருந்தது. பெட்டிக்குள் பாயும் தலையணையும் அன்றைக்கு இருந்தபடியே கிடந்தன. பாய் முழுக்கப் பூசணம் பூத்திருந்தது. தலையணையிலும் பூத்திருந்தது, தலை வைத்திருந்த பள்ளத்தைத் தவிர. அந்தப் பள்ளம் மட்டும் சுத்தமாக இருந்தது. நான் வெளியே போய்விடலாமா என்று பார்த்தேன். அத்தான் கவனிக்காதவர் போல மூங்கிலைக் கொடுத்துப் பலகையைத் தாங்கச் சொன்னார்.

இடது பட்டை இரண்டு துண்டாக இருந்தது. உதறினால் செதில் செதிலாகத் துரு உதிர்ந்தது. அதன்மேல் கறுப்பாக ஏதோ பூசியிருந்தது. வலது பட்டையும் தேய்ந்து காகிதம் மாதிரி ஆகியிருந்தது. இந்தக் காரியத்தில் ஒரு முறை உண்டு. ஒரு பக்கம் பழசு இருக்கும்போதே மறுபக்கம் புதுசை மாட்ட வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் அளவு போய்விடும், பலகை கோணிக்கொள்ளும். அதனால் முதலில் இடது பக்கம் துருப்பிடித்த போல்ட்டை உளியால் வெட்டி எடுத்தார். வலதுபக்கத்து நீளத்தைப் பார்த்துப் புதுப்பட்டையை வாஷர் போட்டு முடுக்கினார். அதுவரைக்கும் சாதாரண வேலை.

அதன் பிறகு செய்ததுதான் எனக்குப் புரியவில்லை. மூங்கிலை எடுக்கச் சொன்னார். பழைய வலது பட்டைப் பக்கமாகப் பலகையைக் கையால் அமுக்கினார். பட்டையின் நடு ஆணி எலி கத்துகிற மாதிரி கீச்சென்றது. மறுபடி அமுக்கினார். கீச். முகம் வாடிவிட்டது. சுத்தியலை எடுத்து, அந்த நடு ஆணியைத் தட்டித் தட்டி இறுக்க ஆரம்பித்தார்.

"களட்டி எறியப் போறத எதுக்கு அத்தான் இறுக்குதிய?"

"பேசாம இரு மாப்ள."

இறுக்கிவிட்டு அமுக்கினார். கொஞ்சம் தாழ்ந்த சத்தம். இன்னும் இரண்டு தட்டு. ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து ஆணியில் திணித்தார். பலகை ஓரத்தில் தானே ஏறி உட்கார்ந்தார். இப்போது வந்தது அந்தச் சத்தம். மனுஷ முனகல். நான் இரண்டு எட்டு பின்னால் போய்விட்டேன். அத்தான் மட்டும் வேலை முடிந்தவர் மாதிரி இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டார்.

"போயி ஆச்சியக் கூட்டிட்டு வா" என்றார்.

ஆச்சி வந்தாள். பின்னாலேயே நம்பிராஜனும் வந்தார். ஆச்சி பாதியாக இளைத்திருந்தாள். காரைப் பார்க்கவில்லை, அத்தானைத்தான் பார்த்தாள்.

"சங்கரபாண்டி, பட்டைக்காக ஒன்ன நான் கூப்பிடல. அன்னைக்குக் கீழ நின்னு அவுகள வாங்குனது நீ ஒருத்தன்தான். அந்தச் சத்தம் ஒனக்கும் கேட்டுதா இல்லையா? அது மூச்சுதானா? எனக்கு யாரும் நெசத்தச் சொல்ல மாட்டேங்காவ. நீ சொல்லு. கேட்டுட்டு நான் எப்பிடியும் போறேன்."

எப்படியும் போகிறேன் என்று அவள் சொன்ன விதம் நன்றாக இல்லை. கொட்டகைக்குப் பின்னால்தான் கிணறு. அத்தான் பலகையில் ஏறி உட்கார்ந்தார். பட்டை முனகியது.

ஆச்சி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இந்தச் சத்தந்தானா ஆச்சி?"

அவள் தலையை ஆட்டினாள். "இன்னொருக்க" என்றாள். அத்தான் எழுந்து மறுபடி உட்கார்ந்தார். இன்னொருக்க, இன்னொருக்க என்று நான்கு தடவை கேட்டாள். நான்கு தடவையும் இரும்பு முனகியது. அப்புறம் ஆச்சி அங்கனயே தரையில் உட்கார்ந்து அழுதாள். ஆறு மாசத்து அழுகை அது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கே நெஞ்சு லேசாகிவிட்டது.

"எடது பட்ட அறுந்ததும் பாரம் பூராவும் வலது பட்டைக்கு வந்துட்டு ஆச்சி. அந்தச் சத்தந்தான் அது" என்றார் அத்தான். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "தப்பு என் பேர்லதான். பங்குனியிலயே பட்ட ரெண்டும் இத்துப் போயிருந்தத நான் பாத்தேன். மாங்கா சீசன் முடியட்டும்னு ஐயா சொன்னாவ. நான் வற்புறுத்தல. துரு தெரியாம இருக்கட்டும்னு மேல தாரப் பூசி விட்டுட்டேன்."

ஆச்சி கண்ணைத் துடைத்தாள். "இரும்புதானே அறுந்துச்சு. போகட்டும்" என்று எழுந்தாள். உள்ளே போய் எங்களுக்குச் சோறு போடச் சொன்னாள். அன்றைக்கு அவளும் சாப்பிட்டாளாம்.

நம்பிராஜன் அப்படி விடவில்லை. அக்கா புருஷனின் பிரேதத்தை மண்ணில் போட்டவன், துருவுக்குத் தார் பூசி ஏய்த்தவன் என்று குற்றாலத்திலிருந்து கடையம் வரைக்கும் சொல்லிவிட்டார். பொங்கலுக்குள் தார்ப்பாண்டி என்ற பேர் நிலைத்துவிட்டது. பெரிய வீட்டுக் கார்கள் கொட்டகைக்கு வருவது நின்றது. புளியறையிலிருந்து வருகிற லாரிகளை நம்பித்தான் அத்தான் காலம் தள்ளினார். என் அக்கா அவரைத் திட்டாத நாள் கிடையாது. "கேக்காமலே போயி தாரு பூசுனேன்னு ஒப்பிச்சிருக்காரே, இந்தக் கூறுகெட்ட மனுசன்!" என்பாள். எனக்கும் அதே கேள்விதான். பட்டைச் சத்தம் என்று சொன்னதோடு நிறுத்தியிருந்தால் யார் தாரைச் சுரண்டிப் பார்க்கப் போகிறார்கள்?

ஏழு வருஷம் போயிற்று. உலகச் சண்டையில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்து, என் பஸ் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு அந்த வாயுவில் ஓடியது. ஒருநாள் மத்தியானம் பஸ் நின்றுபோய், அத்தான் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். வேறு ஆள் இல்லை. ரொம்ப நாளாகத் தொண்டையில் சிக்கிக்கிடந்ததை அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

"அத்தான், நீங்க ஆணிய இறுக்குறதுக்கு முந்தி அந்தப் பட்ட கீச்சுனுதான் கத்துச்சு. அப்பம் ஐப்பசியில நான் ரோட்டுல நின்னு கேட்டது எது?"

"அது எனக்குத் தெரியாது மாப்ள" என்றார். பிறகு, "நான் கேட்டது மட்டுந்தான் எனக்குத் தெரியும்" என்றார்.

அவரிடம் கற்றுக்கொண்ட கேள்விதான் என் வாயில் வந்தது. "எது மொதல்ல வந்துச்சு அத்தான்?"

அவர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"பட்ட அறுந்துச்சு, அது மொதல்ல. பலக சாஞ்சுது. அவரு சரிஞ்சு வந்து என் நெஞ்சு மேல விழுந்தாரு. நான் மல்லாக்க விழுந்தேன். பலகையில அப்பம் ஒரு பாரமும் கெடையாது மாப்ள. அது சும்மா தொங்கிச்சு. எல்லாம் அடங்குன பெறகுதான் அந்தச் சத்தம் வந்துச்சு. அவரு வாயி என் எடது காதுல இருந்துச்சு. சூடா பட்டுச்சு."

நான் அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.

"வைத்தியர்ட்ட சொன்னேன். காத்துன்னாரு. வயசானவங்க எல்லாரும் காத்துன்னாங்க. நானும் காத்துன்னே வச்சுக்கிட்டேன். நாந்தான் திரும்பத் தூக்கிப் பாடையில வைக்கக் குடுத்தேன்." துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டே பேசினார். "ஆச்சிட்ட சும்மா இரும்புச் சத்தம்னா நம்புவாவளா? அறிவுள்ள பொம்பள. நம்மளே நம்ம தலையில மண்ண வாரிப் போட்டுக்கிட்டாத்தான் நம்புவாவ. தாரு பூசுனதும் நெசந்தான."

"குளிருன்னு ஊரெல்லாம் கேலி பண்ணுதாங்களே அத்தான்."

"குளிரு எங்க இருக்கு?" என்று துண்டை அவிழ்த்தார். ஏழு வருஷத்தில் அந்தக் காதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மற்றக் காது மாதிரிதான் இருந்தது. "தொட்டுப் பாரு" என்றார்.

முதலில் நெற்றியைத் தொட்டேன். காய்ச்சல் ஒன்றும் இல்லை, வியர்த்துச் சில்லென்று இருந்தது. பிறகு காதைத் தொட்டேன். சுட்டது.

"இன்னும் ஆறல மாப்ள" என்றார். நான் கையை எடுத்துக்கொண்டேன். அவர் பழையபடி துண்டைக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனார்.